முன் அச்சு வேலை: மரபுகளும் தரமும்

மட்டக்களப்பிலிருந்து வாகரைக்குப் போகும் ஏ15 வீதி பனிச்சங்கேணியில் களப்பைக் கடக்கிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உவர்நீர். நாலு சில்லும் இழுக்கிற பழைய வண்டிக்கு இங்கே முதல் எதிரி உப்பு. மலைநாட்டில் அந்த இடம் கல்லுக்கு. எந்த எதிரியோடு மல்லுக்கட்டி ஒரு பழுதுபார்ப்பு மரபு வளர்ந்தது என்று தெரியாமல் அதன் தரத்தை நிறுக்க முடியாது.

வண்டிகளில் இரண்டு குலம். 1947இல் மொறிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் ஓடிய வில்லிஸ் ஜீப்பைப் பார்த்தே லான்ட் றோவரைத் திட்டமிட்டார். 1948இல் வந்த முதல் வண்டியின் சில்லிடைத் தூரம் ஜீப்பினுடையதைப் போலவே 80 அங்குலம். சில்லின் சாய்வான காம்பர் ஒன்றரைப் பாகை, அது திரும்பும் அச்சின் சாய்வான காஸ்டர் மூன்று பாகை; அதுவும் இரண்டுக்கும் ஒன்றுதான். சில்லு திரும்பும் மூட்டில்தான் உறவு முறிகிறது.

ஜீப்பில் சில்லு திரும்பும் கிங் பின்னுக்கு மேலும் கீழும் கூம்பு ரோலர் பேரிங். தேய்ந்தால் ஷிம் தகட்டைக் குறைத்து இறுக்கலாம். அந்தத் தகடுகள் 0.003, 0.005, 0.010, 0.030 அங்குலத் தடிப்பில் வரும். கைநூல்படி வேலை செய்யும் புத்தக மரபுக்காரர் சீலைக் கழற்றிவிட்டு, வில் தராசைக் கொளுவி, எவ்வளவு இழுவைக்கு மூட்டு திரும்புகிறது என்று அளப்பார். மேலும் கீழும் தகடு ஒரே தடிப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அச்சுத் தண்டு நடுவில் நிற்காது. கை மரபுக்காரர் தராசு தேடமாட்டார், திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுவார். கை தேர்ந்தவரிடம் அது போதும். அவருடைய சீடப்பிள்ளைகளைப் பற்றி அதே உறுதி எனக்கில்லை.

லான்ட் றோவரின் பிந்திய சீரிஸ் வண்டிகளில் மேல் மூட்டுக்கு, துணியைப் பிசினில் இறுக்கிச் செய்த ரெயில்கோ புஷ். அது வேண்டுமென்றே சிறிது உராயும்; அந்த உராய்வுதான் சில்லு அதிராமல் பிடித்துக்கொள்கிறது. கடைச்சல் பட்டறை மரபு இங்கே வெண்கல புஷ் கடைந்து போடும். வேலை அழகாக இருக்கும், ஸ்டியரிங் இலேசாகும். பிறகு மேடு பள்ளத்தில் முன் சில்லு நடுங்கத் தொடங்கினால் குற்றம் ரயரின் தலையில் விழும்! தேய்ந்த கிங் பின்னுக்கு வெல்டிங் ஏற்றிக் கடைவதை இன்னும் கடுமையாகவே சொல்வேன்: சூடு பட்ட உருக்கு பழைய கடினத்தோடு திரும்பி வராது.

டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்ஃபூவுக்குப் பழைய லான்ட் றோவர்கள் பல தசாப்தங்களாக ஏறுகின்றன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்புகள். அந்தப் பாதைகளில் அடி வாங்குவது புஷ்ஷும் மூட்டும் வில்லும். களப்புக் கரையில் முதலில் சாவது சில்லு திரும்பும் மூட்டின் குரோம் பூசிய உருண்டை. உப்பு குரோமின் ஓரத்தால் புகுந்து பொக்களமிடும். அந்தப் பொக்களம் சீலின் உதட்டை அறுக்க, எண்ணெய் வெளியேறி நீர் உள்ளே வரும். பொக்களம் விட்ட குழியை அரால்டைட்டால் நிரப்பித் தேய்த்து மினுக்குவோர் உண்டு. வறண்ட மலைப் பாதைக்கு அது தாங்கலாம். இங்கே உப்பு பக்கத்திலேயே அடுத்த வழியைத் தேடிக்கொள்ளும். கடின குரோம் ஏற்றி அரைத்தெடுப்பது செலவான வேலைதான், ஆனாலும் அதுவே வேலை.

மூட்டுக்குள் எண்ணெயா, கிறீஸா என்பது பழைய வழக்கு. கிறீஸ் ஒழுகாது என்பது உண்மை. எண்ணெய் பால் நிறமானால் நீர் புகுந்தது அன்றே தெரியும். கிறீஸ் அதை மறைத்துவிடும். உவர்நீரில் இறங்கும் வண்டிக்கு நான் எண்ணெய்ப் பக்கம்.

தரம் பார்க்க எல்லா மரபுக்கும் பொதுவான சோதனை ஒன்று உண்டு. சில்லை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் ஒருவர் பிறேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் சில்லு பேரிங், நிற்காவிட்டால் மூட்டு. பிறேக்கை மிதித்தும் ஆடுகிற வண்டிக்குச் சில்லு பேரிங் மாற்றிப் பில் எழுதும் கராஜை எந்த மரபிலும் சேர்க்க முடியவில்லை.