நச்சுத் தீவிர அளவுகோல்களும் மனச்சோர்வு மருந்து நச்சும்: ஒரு மதிப்பீடு

நஞ்சுண்டவர் பிழைப்பாரா, அவருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படுமா என்பதைச் சேர்க்கையின்போதே கணிக்க மருத்துவர்கள் தீவிர அளவுகோல்களைப் பயன்படுத்துகின்றனர். மனச்சோர்வு மருந்துகளை அளவுக்கு மீறி உட்கொண்டவர்களிடம் இவை எவ்வளவு பயன்படும் என்பது விவாதத்திற்குரியது.

1998இல் வெளியான நச்சுத் தீவிர மதிப்பெண் முறையில் 0 முதல் 4 வரை படிகள் உள்ளன. 0 என்றால் அறிகுறி இல்லை. 4 என்றால் மரணம். நோயாளியின் மிக மோசமான நிலையைக் கொண்டே இந்தப் படி முடிவாகிறது. நடந்து முடிந்ததைப் பதிவுசெய்ய இது நல்ல கருவிதான். ஆனால் விளைவையே ஒரு படியாக வைத்திருக்கும் முறையால் அந்த விளைவைக் கணிப்பதாகச் சொல்வது, தேர்வு முடிவைப் பார்த்துவிட்டு மதிப்பெண்ணை ஊகிப்பது போன்றது. அப்பாச்சி 2 அளவுகோல் (1985) முதல் 24 மணி நேரத்தின் மோசமான அளவீடுகளைக் கேட்கிறது. டிரைசைக்ளிக் வகை மருந்துகளிலோ பெரும் ஆபத்து முதல் 6 மணி நேரத்திற்குள்ளேயே தலைகாட்டிவிடுகிறது.

கிளாஸ்கோ கோமா அளவுகோல் (1974) தலைக்காயத்திற்காக உருவானது. எளிமையே அதன் பலம். இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவை மருத்துவமனைகளில் பூச்சிக்கொல்லி நச்சுக்கு ஆளானவர்களிடம் செய்து 2008இல் வெளியான ஆய்வில், அது நச்சுத் தீவிர மதிப்பெண்ணுக்கு இணையாகவே கணித்தது. எனினும் ஃபென்தியான் உட்கொண்டவர்கள் நல்ல நினைவோடு வந்தும் பின்னர் மோசமானார்கள். எந்த நச்சு என்று தெரியாமல் எண்ணை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு இதுவே சான்று.

கொங்கு வட்டாரத்தில் நஞ்சு என்றதும் மருத்துவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பூச்சிக்கொல்லியும் சாணிப்பவுடரும். அமிட்ரிப்டிலின் அப்படியன்று. ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும்கூட எழுதித் தரப்படுவதால் அது பல வீடுகளின் மருந்துப் பெட்டியில் இருக்கும். வழக்காகிவிடும் என்ற பயத்தில் உறவினர் உண்மையை மறைப்பதும் உண்டு. பொள்ளாச்சியிலோ தாராபுரத்திலோ மூச்சுக்குழாய் செருகப்பட்டு 108 வண்டியில் கோவை வந்துசேரும் நோயாளியிடம் பேச்சுக்கான மதிப்பெண்ணை எப்படிப் போடுவது? மயக்க மருந்தின் விளைவும் நஞ்சின் விளைவும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுகின்றன.

இங்கே தாலுகா மருத்துவமனையின் இசிஜி கருவியே கூடுதலாகச் சொல்லும். கியூஆர்எஸ் அகலம் 100 மில்லிநொடியைத் தாண்டினால் வலிப்பும், 160ஐத் தாண்டினால் இதயக் கீழறைத் துடிப்புக் கோளாறும் வரக்கூடும் என்று 1985இல் வெளியான ஆய்வு காட்டியது. அதில் இருந்தவர்கள் 49 பேர்தான்; ஆயினும் அதன் பயன் இன்றுவரை நிற்கிறது. காரணம், அகலம் கூடினால் சோடியம் பைகார்பனேட் கொடுக்க வேண்டும் என்று சிகிச்சையையும் அதுவே சுட்டுகிறது. எஸ்சிடலோபிராமில் கவனிக்க வேண்டியது கியூடி இடைவெளி. செர்ட்ராலின் மட்டும் உட்கொண்டவர்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றனர். இத்தனை வேறுபாடுள்ள மருந்துகளை ஒரே குழுவாக்கிச் சராசரி காணும் ஆய்வுகள் படிப்பவரைத் தவறாக வழிநடத்தும்.

இந்த அளவுகோல்களுக்கு வீடு திரும்பினாலே நல்ல விளைவு. மனநல மருத்துவர் பார்த்தாரா என்பது எந்தக் கட்டத்திலும் இல்லை. தற்கொலைக்கு முயன்றவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. டெலி மானஸ் உதவி எண் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.