நாலு தடவை சாங்கியில் இறங்கும் புத்தகம்

சிங்கப்பூரில் இருக்கும் தமிழர் ஒருவர் தன் வலைப்பூவை மின்நூலாக்கினால் முதல் கட்டுரை பெரும்பாலும் சாங்கி விமான நிலையத்தில்தான் தொடங்கும். முகம் தெரியும் தரை, சத்தமில்லாத வரிசை, மீதிச் சில்லறையை எண்ணித் தரும் டாக்ஸி ஓட்டுநர். வந்து இறங்கிய வாரத்தில் பதிவாக எழுதியபோது இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் மனைவியை அழைக்கப் போனது ஒரு பதிவு, அப்பா அம்மா வந்தபோது ஒன்று, பொங்கலுக்குப் போய்த் திரும்பியபோது ஒன்று. ஐந்து வருட இடைவெளியில் வந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஒட்டினால் அறுபது பக்கத்துக்குள் விமானம் நாலு தடவை இறங்குகிறது. இந்த வகை நூல்களைக் கொஞ்சம் அதிகமாகவே வாசித்திருக்கிறேன். பெயர் சொல்லப் போவதில்லை, ஏன்னா குறை ஒருத்தரோடது இல்லை.

தமிழை இணையத்தில் ஏற்றியதில் இந்த ஊருக்கு மூத்த பங்கு உண்டு. 1995இல் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பில் தமிழும் ஏறியது. 1997இல் தமிழ்நெட் மாநாடு இங்கேதான் நடந்தது. பிறகு யூனிகோடும் இலவச வலைப்பூக்களும் தமிழ்மணம் திரட்டியும் வந்தபோது, கதை கவிதை பக்கம் போகாதவர்களும் எழுத வந்தார்கள். கப்பல் பட்டறை வேலை, பத்துப் பேர் படுக்கும் அறை, ஏஜென்டுக்குக் கட்டிய பணம், டெக்காவில் மீன் விலை. எந்த இலக்கிய இதழும் கேட்டு வாங்கியிருக்காத எழுத்து. அதனால்தான் அது எப்படி நூலாகிறது என்பதில் எனக்கு இவ்வளவு அக்கறை.

முதலில் வெட்டுப்படுவது தேதி. "பழசுன்னு தெரிஞ்சா யாரு வாங்குவா?" என்ற பயம் போல. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் புல்வெளியில் நண்பர்களோடு பீர் கேனும் முறுக்குமாக உட்கார்ந்திருந்ததைப் பற்றி ஒரு பதிவு என்று வைத்துக்கொள்வோம். 2008இல் எழுதியிருந்தால் அது வெறும் அரட்டை. அதே ரோட்டில் 2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு தமிழ்த் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார், கலவரம் வெடித்தது. 2015 ஏப்ரலில் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. அந்தப் புல்வெளி மாலை இன்று நடக்க முடியாத ஒன்று. தேதி இருந்தால் அந்தப் பதிவு ஆவணம். தேதியை எடுத்துவிட்டால் சுற்றுலாக் குறிப்பு, அதுவும் தப்பான குறிப்பு. "போன வாரம்", "நேத்து சொன்ன மாதிரி" என்ற சொற்கள் மட்டும் உள்ளே அனாதையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

நூலைப் பருமனாக்கும் ஆசைக்குக் காசும் ஒரு காரணம். கிண்டில் தமிழுக்கு வந்தது 2016 டிசம்பரில். கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் நூலைச் சேர்த்தால், வாசிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கைக்குத்தான் பணம். இருபது நல்ல பதிவுகளோடு நிறுத்த வேண்டிய மனுஷன் எண்பதையும் அள்ளிப் போடுகிறார். இதைக்கூட மன்னிக்கலாம். அந்தச் சந்தாவுக்குள் போக கேடிபி செலக்ட் என்ற ஏற்பாட்டில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் தவணைக்கு மின்வடிவில் வேறெங்கும் அந்த எழுத்து இருக்கக் கூடாது, மாதிரிக்குப் பத்தில் ஒரு பங்கு தவிர. அதாவது மூலப் பதிவுகளை அழிக்கணும், இல்லைன்னா மறைக்கணும். தவணை முடிந்ததும் திரும்பத் திறந்து வைக்கலாம்தான். ஆனால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டை நிறுத்தி, பூட்டிய வலைப்பூவைத் திறக்க யாருக்கு ஞாபகம் இருக்கும்? பத்து வருஷம் இலவசமாகத் திறந்திருந்த வீட்டைப் பூட்டிவிட்டு வாசலில் டிக்கெட் விற்பது எழுத்தாளரின் உரிமை. வாசகனாக எனக்கு வலிக்கிறது, அவ்வளவுதான்.

வேறு வழி இல்லாமல் இல்லை. 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தன்னார்வலர்கள் பதிவர்களிடம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அனுமதி வாங்கி, ஈபப், மொபி, ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎஃப் என்று செய்து இலவசமாகவே தருகிறார்கள். மூலப் பதிவை அழிக்கத் தேவையில்லை, காசும் கிடையாது. ஆனால் அங்கும் ஒரு தொகுப்பைக் கையில் எடுத்து "இது வேண்டாம், இதுவும் வேண்டாம்" என்று சொல்லும் எடிட்டர் பெரும்பாலும் இருப்பதில்லை. கோப்பை மாற்றித் தருவதே அவர்கள் ஏற்றுக்கொண்ட வேலை, அதை ஒழுங்காகச் செய்கிறார்கள். மிச்சம் எழுதியவர் பாடு. பதிவு எழுதும்போது ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் கூகுளிலிருந்து வந்து விழுவார், அவருக்காகத் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. புத்தக வாசகருக்கு அது ஒரு தடவை போதும்னு எழுதியவருக்கு யாராவது சொல்லணும்.

"இலவசமாகக் கிடைத்தால் விற்காது" என்பார்கள். ஜெயமோகனின் வெண்முரசு 2014 முதல் 2020 வரை நாள்தோறும் இணையத்தில் வந்தது, இன்னும் அங்கேயே இருக்கிறது. அச்சிலும் வாங்குகிறார்கள். எல்லாருக்கும் அந்த வாசகர் கூட்டம் கிடையாது என்பது உண்மைதான். அதே சமயம் பூட்டி வைத்த நூல்கள் கொட்டிக் கொடுத்ததாகவும் நான் கேள்விப்பட்டதில்லை.

பூட்டுவது ஏன் ஆபத்து என்றால், இங்கே தேசிய நூலக வாரியம் 2019 முதல் எஸ்ஜி என்று முடியும் முகவரியுள்ள தளங்களைத் தனித்தனியாக அனுமதி கேட்காமலே சேமிக்கலாம். நம்ம ஆட்கள் எழுதியதோ இலவச பிளாக்ஸ்பாட்டிலும் வேர்ட்பிரஸிலும். அந்த வலையில் இவர்கள் தானாக விழ மாட்டார்கள். எழுதியவர் அழித்தால் அழிந்ததுதான்.

அதோடு பின்னூட்டங்களும் போகும். "அண்ணே, எஸ் பாஸ்ல வந்தா ரூம் வாடகை எவ்ளோ ஆகும்?" என்ற மாதிரிக் கேள்விகள், அதற்குக் கீழே முகம் தெரியாத இன்னொருவர் வாடகைக் கணக்கோடு எழுதிய பதில். பின்னூட்டத்தைச் சேர்த்த மின்நூல் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. எழுதினவங்ககிட்ட அனுமதி வாங்கணும், பாதிப் பேர் "அனானி". கஷ்டமான வேலைதான். பல பதிவுகளில் பதிவைவிட அந்தப் பகுதியைத்தான் நான் திரும்பப் போய் வாசித்திருக்கிறேன்.