‘மெட்டபர்’ உருவகமா? ஆங்கில அணிகளின் தமிழ்ப் பெயரீடு குறித்து ஒரு மறுபார்வை

ஆங்கில அணிகளைத் தமிழில் விளக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் ஓர் இணைப்பட்டியலிலிருந்தே தொடங்குகின்றன. சிமிலி உவமை, மெட்டபர் உருவகம், மெட்டனமியும் சினெக்டக்கியும் ஆகுபெயர், ஐரனி வஞ்சப்புகழ்ச்சி. மாணவர் நினைவிற் கொள்ள இது எளிது. ஆயின் இப்பட்டியலையே அளவுகோலாகக் கொண்டு ஒரு கவிஞரின் உருவகங்களை எண்ணித் தொகுப்பதும், உவமவியல் உருவகத்தைத் தனியே பேசாமையால் தொல்காப்பியர் மெட்டபரை அறியார் என முடிவுகட்டுவதும் நிகழும்போது, பட்டியலின் அடிப்படையையே வினவ வேண்டியுள்ளது.

ஆங்கிலப் பள்ளிப் பாடம் சிமிலிக்கும் மெட்டபருக்கும் வகுக்கும் வேறுபாடு ஒரு சொல்லைப் பொறுத்தது. ‘லைக்’, ‘ஆஸ்’ போன்ற ஒப்புமைச் சொல் வெளிப்பட நின்றால் சிமிலி, இன்றேல் மெட்டபர். தமிழ் மரபிலோ உருபு மறைவதனால் மட்டும் உவமை உருவகமாகிவிடுவதில்லை. ‘தாமரைமுகம்’ என்பது உருபு தொக்க உவமைத்தொகையே. ‘முகத்தாமரை’ எனச் சொற்கள் முறைமாறி, முகமும் தாமரையும் வேறல்ல என்னும் உணர்வு தோன்றும்போதே அது உருவகமாகிறது. எனவே ‘தாமரைமுகம்’ ஆங்கில வரையறைப்படி மெட்டபர். நம் வரையறைப்படி உவமை. இந்த ஒரு சான்றிலேயே இணைப்பட்டியலின் முதலிரு வரிகளும் தடுமாறிவிடுகின்றன.

பொருளைச் சுட்டாது உவமையை மட்டும் கூறுமிடத்துச் சிக்கல் மேலும் வளர்கிறது. ஒரு வீரனைக் கண்டு ‘சிங்கம் வந்தது’ என்பதை ஆங்கிலத் திறனாய்வாளர் தயக்கமின்றி மெட்டபர் என்பர். நம் இலக்கணம் ‘பாவை வந்தாள்’ என்பதை உவமையாகுபெயர் எனக் கொண்டு சொல்லிலக்கணத்தில் வைத்தது. கவி கருதிய பொருளை மறைத்து அதனையொத்த பிறிதொன்றைக் கூறினால் தண்டியலங்காரம் அதனை ஒட்டணி என்னும்.

இவற்றினும் முதன்மையானது வினைவழி வரும் மெட்டபர். ‘காலம் பறக்கிறது’ என்பதில் காலத்திற்கு உவமையாக ஒரு பெயரும் இல்லை. பறவையின் தொழில் மட்டுமே காலத்தின்மேல் ஏற்றப்பட்டுள்ளது. ஆங்கிலத்தின் அன்றாட வழக்கில் இவ்வகையே மிகுதி. லேக்காஃப், ஜான்சன் இருவரும் 1980இல் வெளியிட்ட நூலில் வாதத்தைப் போராகவும் நேரத்தைப் பணமாகவும் கருதும் பழக்கத்தை இத்தகைய வினைகளைக் கொண்டே நிறுவினர். நாமும் நேரத்தைச் ‘செலவிடுகிறோம்’, ‘மிச்சப்படுத்துகிறோம்’. இதனை உருவகம் என்றால் தமிழ் வரையறை இடந்தராது. ஆனால் இதற்கு இடமில்லை என்பதும் தவறு. ஒரு பொருளுக்குரிய வினையை ஒப்புடைய மற்றொரு பொருளின்மேல் ஏற்றிக் கூறுவதைத் தண்டியலங்காரம் பொதுவணியியலில் ‘சமாதி’ என்னும் குணமாக வகுத்துள்ளது. வைதருப்ப நெறியின் பத்துக் குணங்களைத் தேர்வுக்காகப் பெயரளவில் மனனம் செய்து கடந்துவிடும் நம் வழக்கமே இந்நூற்பா ஒப்பாய்வாளர் கண்ணிற் படாமைக்குக் காரணம் எனலாம்.

ஆக, மெட்டபர் என்னும் ஒரு பெயரின்கீழ் ஆங்கிலம் அடக்குவது தமிழில் உருவகம், உவமைத்தொகை, உவமையாகுபெயர், ஒட்டு, சமாதி எனப் பலவிடங்களிற் சிதறிக் கிடக்கிறது. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1936இல் மெட்டபரைச் சுமக்கப்படுவது, சுமப்பது என இரு கூறாக்கி விளக்கியமை இவையனைத்தையும் ஒருங்கே நோக்க உதவுவதாயினும், உருவகம் என்னும் சொல்லுக்கு அத்துணைச் சுமை ஏற்றத் தேவையில்லை.

பெயரீட்டின் இடர் நமக்கு மட்டும் உரியதன்று. ஜார்ஜ் பட்டன்ஹாம் எழுதியதாகக் கருதப்படும் 1589ஆம் ஆண்டு ஆங்கிலக் கவிதையியல் நூல் கிரேக்க அணிப்பெயர்களை ஆங்கிலமாக்க முயன்றது. ஐரனி அங்கு ‘வறண்ட ஏளனம்’ ஆயிற்று. ஹைபர்போலி ‘உரத்த பொய்யன்’ ஆயிற்று. மெட்டனமி ‘பெயரைத் தவறாக இடுவோன்’ ஆயிற்று. சுவையான பெயர்கள்தாம்! எனினும் வழக்கில் நிலைத்தவை கிரேக்கப் பெயர்களே.

ஆகுபெயரைப் பொறுத்தவரை நிலைமை வேறு. தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் இதனைக் கூறுவதால் இது அணியன்று, சொல்லின் இயல்பு என்னும் தெளிவு தமிழில் தொடக்கத்திலேயே உள்ளது. ‘வெள்ளை மாளிகை அறிவித்தது’ என்பது இடவாகுபெயர். ஆலைத் தொழிலாளரைக் ‘கைகள்’ என்னும் ஆங்கில வழக்கு சினையாகுபெயர். மெட்டனமியின் உள்வகையே சினெக்டக்கி என்பாரும் தனி அணி என்பாருமாக மேலைநாட்டார் வேறுபட, நம் வகைப்பாடு இரண்டையும் ஓரினமாக்கி உள்ளே பிரித்துக் காட்டுகிறது. ‘தலைக்கு ஒரு பழம் கொடு’ என நம் நூல்கள் காட்டும் சினையாகுபெயருக்கு இணை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆங்கிலேயர் கால்நடைக் கணக்கிலும் எண்ணப்படுவது தலையே.