சீனக் கலையில் டிராகன்

தமிழில் வழங்கும் 'பறவைநாகம்' என்னும் பெயர் சீனரின் டிராகனுக்கு முற்றும் பொருந்துவதன்று. பெரும்பாலும் அதற்குச் சிறகில்லை. மேனாட்டுக் கதைகளிற்போல வீரனாற் கொல்லப்படும் பகையுமன்று. முகிலையும் மழையையும் ஆளும் நற்றெய்வமாகவே சீனர் அதனைப் போற்றினர்.

அத்தெய்வம் அரண்மனை புகுந்து அரசிலச்சினையாயிற்று. மிங், சிங் மரபினர் காலத்தில் ஐந்து நகமுடைய வடிவம் பேரரசர்க்கே சிறப்பாக உரியதாயிற்று. பெய்ஜிங் அரண்மனையில் 1770களின் தொடக்கத்தில் எழுந்த ஒன்பது டிராகன் சுவரில் நடுவே மஞ்சள் டிராகன் விளங்க, இருமருங்கும் நந்நான்கு அணிவகுக்கின்றன. மெருகூட்டிய 270 ஓடுகளாலான அவ்வேலைப்பாடு வியக்கத்தக்கதே. ஆயின், ஆங்கு மறைபொருள் யாதுமில்லை. செதிலும் நகமும் எண்ணத்தக்கனவாய்த் தெளிவுற்றுள்ளன.

சென் ரொங் 1244 இல் வரைந்த ஒன்பது டிராகன் ஓவியச்சுருளோ இதற்கு மாறானது. இன்று பொஸ்ரன் நுண்கலை அரும்பொருட்சாலையிலுள்ள அச்சுருளிலே, மையாலாகிய முகிலும் அலையும் டிராகனைப் பாதி மறைக்கின்றன. மறைந்த பாதியைக் காண்போர் உள்ளமே நிரப்புகின்றது. மழைத்தெய்வத்தின் பழைய ஆற்றலும் ஆங்கே புலனாகின்றது.

அரசாணையை அறிவித்தல் சுவரின் பணி. அதனை அது குறைவின்றிச் செய்தது. ஆயினும், சாடியிலும் பட்டிலும் கண்ட வடிவத்தை மட்டுங்கொண்டு டிராகனை வெறும் அலங்காரமென மதிப்போர், சென் ரொங்கின் சுருளைக் கண்டபின் அம்முடிபை மாற்றிக்கொள்ளல் வேண்டும்.