ஊற்றும் கைக்கு முறை உண்டு, மறுக்கும் வாய்க்கு?

கொரியாவில் நாலு பேர் கூடிக் குடிக்கும்போது தன் கிண்ணத்தில் தானே சோஜு மதுவை ஊற்றிக்கொள்வது மரபல்ல. அடுத்தவர் கிண்ணம் காலியானதைக் கவனித்து ஊற்ற வேண்டும். மிச்சமிருக்கையில் மேலே ஊற்றக் கூடாது. இளையவர் பெரியவருக்கு இரு கைகளால் ஊற்றுகிறார், இரு கைகளால் வாங்குகிறார், முகத்தை ஒரு பக்கம் திருப்பிக் குடிக்கிறார். பேச்சிலும் மரியாதை விகுதி ஏறிவிடும். பிறகு ஒருவர் ஒரு நோக்கத்தைச் சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் ‘விஹயோ’ (‘அதற்காக’) என்று முழங்குவார்கள். அடுத்தவர் தேவையை அவர் கேட்குமுன் கவனிக்கப் பழக்கும் இந்த ஒழுக்கத்தை நான் உயர்வாகவே மதிக்கிறேன். இதன் வேர் அடக்கத்தில் இருக்கிறது. ஊர் முதியவர்களை அழைத்துச் சிறப்பிக்கும் மதுச் சடங்கை, 1474இல் சோசன் அரசு தொகுத்த சடங்கு நூல் விதித்தது. குடியை வரம்புக்குள் வைப்பதும் அதன் நோக்கம்.

அலுவலக விருந்தான ஹ்வேசிக்கில் அதே விதிகள் வேறு வேலை செய்கின்றன. ஊற்றுவதற்கும் வாங்குவதற்கும் விரிவான முறை உண்டு. மறுப்பதற்கு அப்படி ஒன்று இல்லை. மேலதிகாரி நீட்டும் கிண்ணம் மரியாதையின் வடிவில் வருவதால், ‘வேண்டாம்’ என்ற சொல் மதுவை அன்றி மனிதரையே மறுப்பதாகிவிடுகிறது. ஒரே மூச்சில் காலி செய்யச் சொல்லும் ‘வன்ஷாட்’ குரல் எழுந்தால் தப்ப வழியில்லை. யாரும் வாயில் ஊற்றுவதில்லையே, உதட்டில் வைத்து எடுத்தால் போதாதா என்பார்கள். சமவயது நண்பர்களிடையே அது போதும். சம்பளமும் பதவி உயர்வும் எதிரில் இருப்பவர் கையில் இருக்கும்போது போதாது. கீழ்ப்பணியாளரைக் குடிக்கக் கட்டாயப்படுத்துவது சட்டவிரோதம் என 2007இல் சியோல் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2019 ஜூலையில் பணியிடத் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அரசின் விளக்கக் கையேடு மதுக் கட்டாயத்தையும் அதில் சேர்த்தது.

சட்டம் நுழைந்தால் நெருக்கம் போய்விடும் என்பது வலுவான மறுப்பு. வேலை நேரத்தில் வாய் திறக்காத இளையவர் மேசையில் மனம் திறப்பது உண்மைதான். ஆனால் அந்த நெருக்கத்தைத் தருவது சேர்ந்து அமர்வதும் கவனித்து ஊற்றுவதும்தான். கிண்ணத்தில் தண்ணீர் இருந்தாலும் ‘விஹயோ’ ஒலிக்கும். ஆகவே சடங்கைக் கைவிடத் தேவையில்லை, அதில் ஒரு விதி கூடினால் போதும்: ஊற்றுமுன் ‘குடிப்பீர்களா?’ என்று மூத்தவர் கேட்டாக வேண்டும். அந்த மரியாதை மொழிக்குள் நின்று இளையவர் முதலில் மறுப்பது கடினம் என்பதால், இந்தப் பொறுப்பு மேலே இருப்பவருடையது.