இரண்டு மாத்திரையும் ஒரு டம்ளர் நீரும்

குடியை விட்டவன் மறுபடி வழுக்கி விழாதிருக்க, ஒன்றுக்கு இரண்டாக ஔஷதங்களைச் சேர்த்துக் கொடுக்கும் முறை யுக்திக்குப் பொருத்தமானதாகவே தோன்றுகிறது. குடித்தால் கிட்டும் சுகத்தை நால்ட்ரெக்ஸோன் மழுக்க, விட்டபின் நரம்புகளில் எழும் பரபரப்பை அகாம்ப்ரோசேட் தணிக்கிறது. 2003-ல் வெளியான ஹாம்பர்க் பரீட்சையில், அகாம்ப்ரோசேட்டை மட்டும் உண்டவர்களைவிட இரண்டையும் உண்டவர்களே நன்கு தாக்குப்பிடித்தார்கள். எனினும் நால்ட்ரெக்ஸோன் ஒன்றையே உண்டவர்களைவிட அவர்கள் மேலென்று நிரூபணமாகவில்லை. 1,383 பேரைக் கொண்டு நடந்து 2006-ல் வெளியான அமெரிக்கப் பரீட்சையிலோ, கூட்டியதால் கூடுதல் நன்மையே விளையவில்லை.

காவிரிப் படுகையில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. அகாம்ப்ரோசேட்டை வழக்கமாக நாளொன்றுக்கு மூன்று வேளையாக ஆறு மாத்திரைகள் விழுங்கவேண்டும். விடியுமுன் சேற்றில் இறங்கி வெயில் உச்சிக்கு வந்தபின் வரப்பேறும் கூலியாள், மடியில் முடிந்த மாத்திரை அட்டை வியர்வையில் ஊறிக் கிடக்க, நடுப்பகல் வேளையை மறந்துவிடுவானாயின் அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தோற்றுவித்த டி.டி. ரங்கநாதன் ஸ்தாபனம், 1989 முதல் அன்றைய தஞ்சை ஜில்லாவின் மஞ்சக்குடியில் பதினைந்து நாள் முகாம்களை நடத்தி, சிகிச்சையைக் கிராமத்துக்கே கொண்டுவந்து, குடும்பத்தையும் ஊராரையும் அதில் பங்காளிகளாக்கியதன் விசேஷம் இங்கேதான் விளங்குகிறது. மும்பையில் நூறு பேரை ஓராண்டு கவனித்து 2004-ல் வெளியிட்ட ஆய்விலும், குடித்தால் வாந்தியும் படபடப்பும் உண்டாக்கும் டைசல்ஃபிராம், உறவினர் ஒருவரின் கண்காணிப்பில் கொடுக்கப்பட்டு, நால்ட்ரெக்ஸோனை வெகுவாக விஞ்சியது. காலையில் டம்ளர் நீரில் மாத்திரையைக் கரைத்து, அவன் குடித்து முடிக்கும்வரை எதிரே நிற்கும் மனைவியே, என் அபிப்பிராயத்தில், மிகச் சிறந்த இரண்டாவது மருந்து.

ஆனால் நடவுக்கு ஓடவேண்டிய அவள் தலையில் இந்தக் காவலையும் ஏற்றுவது எவ்வளவு பெரிய சுமை! பொறுக்கமாட்டாமல் சிலர் டைசல்ஃபிராமை அவனறியாமல் குழம்பில் கலந்துவிடுகிறார்கள். அந்த வேதனை புரிகிறது, எனினும் அது கூடவே கூடாது. விஷயமறியாதவன் கடைக்குப் போய்க் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே அபாயம் நேரலாம்.

ஆகையால் ஈரலையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்து, நாளுக்கொரு வேளை மருந்தில் தொடங்கி, அது போதாதவனுக்கு மட்டும் இரண்டாவதைக் கூட்டலாம் என்பேன். அதற்கு முன்பே, தை அறுவடைக் கூலி கைக்கு வரும் வாரத்திலேனும், அட்டையில் எத்தனை மாத்திரை மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க ஒருவர் அந்த வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்காரவேண்டும்.