மனச்சோர்வும் அதன் சமூகத் தோற்றுவாய்களும்

மனச்சோர்வு நவீன நாகரிகம் தந்த நோய் என்றும், மரபைக் கைவிட்டமைக்கு நாம் செலுத்தும் விலை என்றும் கூறுவது வழக்கமாகிவிட்டது. இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. எனினும், நவீன சமூகத்தின் எந்த அம்சம், எவரை, எவ்வாறு தாக்குகின்றது என்னும் வினாவை அது எழுப்புவதில்லை.

அவ்வினாவை எழுப்பியமையே 1978இல் ஜோர்ஜ் பிறவுணும் ரிறில் ஹரிஸும் வெளியிட்ட 'மனச்சோர்வின் சமூகத் தோற்றுவாய்கள்' என்னும் ஆங்கில நூலின் சிறப்பாகும். தென் இலண்டனிலுள்ள கம்பர்வெல் பகுதிப் பெண்களை அவர்கள் ஆராய்ந்தனர். தொழிலாளர் வர்க்கப் பெண்களிடையே மனச்சோர்வு மிகுந்து காணப்பட்டது. அவ்வர்க்க வேறுபாடும் வீட்டிலே பிள்ளைகளையுடைய பெண்களிடத்தேதான் துலக்கமாயிற்று. இழப்போ நெருக்கடியோ நேருமிடத்து அவர்களை எளிதில் வீழ்த்தும் நிலைமைகள் நான்கெனக் காட்டப்பட்டன: 11 வயதுக்கு முன் தாயை இழந்தமை, 14 வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் வீட்டிலிருத்தல், வெளியே தொழிலின்மை, மனந்திறந்து பேசத்தக்க நெருங்கிய உறவின்மை. இவற்றுள் பின்னைய மூன்றும் மாற்றத்தக்க சமூக ஏற்பாடுகளோடு தொடர்புடையவை. வெளியே வேலைக்குச் செல்லுதல் பெண்ணுக்குக் காப்பாக அமைந்தது என்ற முடிபு, மரபுவழிக் குடும்பத்திற்குத் திரும்புதலே மருந்தென்போருக்கு உவப்பாயிராது.

இந்நூல் மனச்சோர்வின் மையமாகக் கொள்ளும் பரந்துபட்ட நம்பிக்கையிழப்பையே கணநாத் ஒபயசேகர 1985இல் வெளிவந்த தமது கட்டுரையில் விவாதத்துக்கு எடுத்துக்கொண்டார். வாழ்வு துன்பமயமானது எனக் காண்பவர் இலங்கையிலே நோயாளியல்லர், நல்ல பௌத்தரே என்பது அவர் வாதம். துயரைப் பொதுவான பொருளுடையதாக மாற்றுவதைப் பண்பாட்டின் பணி என்றார். 2013இல் அமெரிக்க உளமருத்துவக் கையேடு, நெருங்கியோர் இறப்பினால் வரும் துயருக்கு அதுவரை அளித்த விதிவிலக்கையும் நீக்கியபின், இவ்வாதம் மேலும் வலுப்பெறுகின்றது.

ஆயினும், பண்பாட்டின் பணிக்கு வேண்டிய ஓய்வும் கேட்போரும் எவருக்குக் கிட்டுகின்றன என்பதை நாம் வினவுதல் வேண்டும். போயா தினத்திலே விகாரையில் சில் அனுட்டிக்கும் முதியவருக்குக் கிட்டுவது, விடியுமுன் லயத்திலிருந்து புறப்படும் கொழுந்தெடுக்கும் தாய்க்குக் கிட்டுவதில்லை. அவள் பௌத்தளோ சைவளோ என்பது இங்கு இரண்டாம் பட்சமே. ஒபயசேகரவின் ஆய்வு பொருளை விளக்குகின்றது, பொழுதைக் கணக்கிலெடுக்கவில்லை.

நமது ஒப்பாரியும் இங்கு மனங்கொளத்தக்கது. பிறர் இறப்பிலே கூடும் பெண்கள் தத்தம் குறைகளையும் அதனுட் பொதிந்து பாடியழுவர். துயருக்குக் கேட்போரைத் தந்த வடிவம் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்குறைகளைச் சாவீட்டிலன்றி வேறெங்கும் சொல்ல அப்பெண்களுக்கு இடமிருக்கவில்லை என்பதையும் அதுவே காட்டுகின்றது.